மருத்துவத் தரவில் டேட்டா மைனிங் படிக்க வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் (உயிரியல் தரவைக் கணினியால் ஆராயும் துறை), மருத்துவம் இரண்டுக்குமான டேட்டா மைனிங் (பெரிய தரவில் ஒளிந்திருக்கும் தொடர்புகளைத் தேடுவது) பாடத்தை எம்.டெக்., எம்.எஸ்சி. மாணவர்களுக்கும் புதிதாகச் சேரும் பிஎச்.டி. ஸ்காலர்களுக்கும் எடுக்கிறேன். வகுப்பு முடிந்ததும் வராண்டாவிலும், இரவில் வாட்ஸ்அப்பிலும் வரும் சந்தேகங்கள் வருடத்துக்கு வருடம் அவ்வளவாக மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே போகும்.

மெஷின் லேர்னிங் பேப்பர் போன செமஸ்டர்லயே முடிச்சாச்சு. மறுபடி இது எதுக்கு மேடம்?

அல்காரிதம் எல்லாம் அதேதான். டெசிஷன் ட்ரீ, எஸ்விஎம், கிளஸ்டரிங் என்று அங்கே பார்த்ததுதான் இங்கேயும் வரும். மாறுவது தரவு. ஆன்லைன் கடையின் தரவில் வாடிக்கையாளர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள், ஒருவரைப் பற்றிய விவரம் நாற்பது ஐம்பது இருக்கும். மரபணுத் தரவில் இது தலைகீழ். 1999-ல் கோலப் குழு வெளியிட்ட ரத்தப் புற்றுநோய்த் தரவை இன்றும் வகுப்பில் எடுக்கிறோம். அதில் நோயாளிகள் 72 பேர், ஒவ்வொருவருக்கும் 7,129 அளவீடுகள். போன செமஸ்டரில் நம்பிப் படித்த பல விஷயங்கள் இந்த இடத்தில் காலை வாரிவிடும்.

இன்னொன்று, இந்தத் தரவை யாரும் நமக்காகச் சேகரிக்கவில்லை. ஆஸ்பத்திரி ரெக்கார்டு சிகிச்சைக்காகவும் பில்லுக்காகவும் எழுதப்பட்டது. டாக்டருக்குச் சந்தேகம் வந்தால்தான் ஒரு டெஸ்ட் எழுதுவார். அதனால் ரிசல்ட் என்ன வந்தாலும், டெஸ்ட் எழுதினார் என்பதே ஒரு தகவல். யார், எதற்காக, எப்போது இதைப் பதிவு செய்தார்கள் என்று கேட்கப் பழகுவதுதான் இந்தப் பேப்பரில் பாதி.

நான் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ். பயாலஜியை பத்தாவதோட விட்டாச்சு. தாக்குப் பிடிக்க முடியுமா?

முடியும். இந்தத் துறையின் பெரிய பெயர்களில் பல வெளியிலிருந்து வந்தவை. 1965-ல் புரத வரிசைகளைத் தொகுத்து அட்லஸாக வெளியிட்ட மார்கரெட் டேஹாஃப் வேதியியல்காரர். 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி தன் பெயரிலேயே வழங்கும் வரைபடத்தைத் தந்த ஜி.என். ராமச்சந்திரன் இயற்பியல்காரர். ஒரு புரதத்தின் அமைப்பு நம்பும்படி இருக்கிறதா என்று பார்க்க இன்றைக்கும் ராமச்சந்திரன் வரைபடத்தைத் திறக்கிறார்கள்.

ஆனால் படிக்காமல் நடக்காது. டிஎன்ஏ-விலிருந்து ஆர்என்ஏ வழியாகப் புரதம் எப்படி வருகிறது, ஒரே டிஎன்ஏ இருந்தும் கல்லீரல் செல்லும் நரம்பு செல்லும் ஏன் வேறு வேறாக இருக்கின்றன, டிஎன்ஏ வரிசையைப் படிக்கும் சீக்வென்சிங் கருவி உண்மையில் எதை அளக்கிறது. இந்த மூன்றும் முதல் செமஸ்டருக்குள் பிடிபட வேண்டும். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் புத்தகத்தில் மரபியல் பாடங்களை எடுத்துப் படியுங்கள், கூச்சப்பட ஒன்றும் இல்லை. எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்யச் சொல்லி யாரும் கேட்கப்போவதில்லை.

நான் எம்.எஸ்சி. ஜுவாலஜி. கோடிங்னாலே கை நடுங்குது. வேக்கா மாதிரி கிளிக் பண்ற சாஃப்ட்வேர் போதுமா அக்கா?

தொடங்கப் போதும். நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழகத்தில் உருவான வேக்கா, ஸ்லோவேனியாவின் லுப்லியானாவில் உருவான ஆரஞ்சு இரண்டுமே இலவசம். ஒரு அல்காரிதம் என்ன செய்கிறது என்று கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள ஆரஞ்சு அருமையான கருவி.

அதோடு நின்றுவிட முடியாது. 20,000 மரபணுக்கள் உள்ள கோப்பை மவுஸால் சுத்தம் செய்ய ஆகாது. செய்தாலும், எதை எந்த வரிசையில் செய்தீர்கள் என்று வைவாவில் கேட்டால் சொல்ல வராது. கோடு எழுதி வைத்தால் அதுவே சாட்சி. பயாலஜியிலிருந்து வருபவர்களை நான் ஆர் மொழிக்குத்தான் அனுப்புவேன், பைதான்காரர்கள் சண்டைக்கு வந்தாலும் சரி. மரபணுத் தரவுக்கு வேண்டிய பயோகண்டக்டர் தொகுப்பு 2001-லிருந்து அங்கேதான் வளர்ந்து வருகிறது. உண்மையில் உங்களுக்கும், முந்தைய கேள்வி கேட்ட கம்ப்யூட்டர் சயின்ஸ் தம்பிக்கும் பொதுவாகக் குறைவது கோடிங்கும் இல்லை, பயாலஜியும் இல்லை. புள்ளியியல்.

கேட் எழுதணுமா, நெட் எழுதணுமா? எங்க சேர்றது?

எம்.டெக். என்றால் கேட். கம்ப்யூட்டர் சயின்ஸ், பயோடெக்னாலஜி, லைஃப் சயின்சஸ் தாள்களோடு 2024-லிருந்து டேட்டா சயின்ஸ் அண்ட் ஏஐ என்ற தாளும் இருக்கிறது. கேட் உதவித்தொகை கிடைத்தால் மாதம் 12,400 ரூபாய். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை ஆதரவில் நடக்கும் முதுகலைப் படிப்புகளுக்கு ஜிஏடி-பி என்ற தனித் தேர்வு. பிஎச்.டி.க்கு சிஎஸ்ஐஆர் நெட் அல்லது டிபிடி-ஜேஆர்எஃப் தேர்வு. ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், பிறகு எஸ்ஆர்எஃப் (முதுநிலை) ஆகும்போது 42,000.

கோவை பாரதியார், காரைக்குடி அழகப்பா, புதுச்சேரிப் பல்கலைக்கழகங்களில் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸுக்குத் தனித் துறையோ மையமோ உண்டு. சென்னையில் ஐஐடி மெட்ராஸின் பயோடெக்னாலஜி துறை, தரமணியில் கணித அறிவியல் நிறுவனம். வெளி மாநிலம் போகலாம் என்றால் ஐஐஐடி ஹைதராபாத், ஐஐஐடி டெல்லி, ஜேஎன்யு. பிஎச்.டி. என்றால் கல்லூரிப் பெயரைவிட கைடுதான் முக்கியம். அவருடைய கடைசி ஐந்து பேப்பரை எடுத்துப் பாருங்கள். கூட எழுதியவர்களில் ஒரு டாக்டரோ, ஆய்வகத்தில் சோதனை செய்யும் ஒரு உயிரியலாளரோ இல்லையென்றால் கொஞ்சம் யோசிப்பேன்.

டேட்டா எங்க கிடைக்கும்? காசு குடுத்து வாங்கணுமா?

பெரும்பாலும் இலவசம்தான். டிஎன்ஏ வரிசைகளுக்கு 1982-ல் தொடங்கிய ஜென்பேங்க், புரத அமைப்புகளுக்கு 1971-லிருந்து இருக்கும் புரோட்டீன் டேட்டா பேங்க், மரபணு வெளிப்பாட்டுத் தரவுக்கு (எந்த மரபணு எவ்வளவு செயல்படுகிறது என்ற அளவு) ஜியோ. புற்றுநோய் என்றால் டிசிஜிஏ. 2006-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் 33 வகைப் புற்றுநோய், 11,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள். சுருக்கிய அட்டவணைகளை யாரும் இறக்கிக்கொள்ளலாம், ஒரு தனிமனிதரின் மூல மரபணு வரிசை வேண்டுமென்றால் விண்ணப்பம் போட வேண்டும்.

ஐசியு தரவுக்கு மிமிக். பாஸ்டனில் உள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் ஆஸ்பத்திரியின் ரெக்கார்டுகளை எம்ஐடி குழு ஒன்று அடையாளம் நீக்கி பிசியோநெட் தளத்தில் வைத்திருக்கிறது. பணம் கிடையாது. ஆனால் சிட்டி என்ற ஆய்வு நெறிமுறைப் பயிற்சியை முடித்து, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் ஒப்பந்தம் உங்களுக்கு மட்டும்தான். ஃபைலை ரூம்மேட்டுக்கு பென்டிரைவில் கொடுப்பது ஒப்பந்த மீறல், இதை ஒவ்வொரு பேட்சிலும் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் நாட்டில் ஃபரிதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் 2022-ல் திறக்கப்பட்டது. ஜீனோம் இந்தியா திட்டத்தின் சுமார் 10,000 பேரின் மரபணுத் தரவு அங்கே இருக்கிறது. ஆய்வாளர்கள் அதைக் கேட்டு விண்ணப்பிக்கும் வழி 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது.

மிமிக்ல ஒரு பேஷண்ட்டுக்கு 300 வயசுன்னு வருது. அட்மிஷன் தேதி 2130-க்கு மேல. ஃபைல் கெட்டுப்போச்சா?

ஃபைல் நன்றாக இருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி 89 வயதுக்கு மேற்பட்டவர்களின் துல்லியமான வயதை வெளியிடக்கூடாது, அந்த வயதில் ஆட்கள் குறைவு என்பதால் எளிதில் அடையாளம் தெரிந்துவிடும். அதனால் மிமிக்-3 தொகுப்பில் அவர்களுடைய பிறந்த தேதியை முதல் அட்மிஷனுக்கு 300 வருடம் முன்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். தேதிகளையும் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒவ்வொரு அளவில் எதிர்காலத்துக்கு நகர்த்தியிருக்கிறார்கள். ஒரே நோயாளியின் இரண்டு தேதிகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி சரியாக இருக்கும். இரண்டு நோயாளிகளின் தேதியை ஒப்பிட்டால் அர்த்தம் இல்லை. இதெல்லாம் கூடவே வரும் விளக்க ஆவணத்தில் இருக்கிறது. அதைப் படிக்காமல் வயதின் சராசரி எடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பீமா டயபடிஸ் டேட்டாசெட்டை வச்சு ப்ராஜெக்ட் பண்ணலாமா? எல்லாரும் அதான் பண்றாங்க.

கை பழக நல்லது. தீசிஸுக்கு வேண்டாம்.

அந்த 768 வரிகளும் யாருடையவை என்று தெரியுமா? அமெரிக்காவின் அரிசோனாவில், ஃபீனிக்ஸ் நகருக்குப் பக்கத்தில் வாழும் பீமா பழங்குடியினர். அத்தனை பேரும் பெண்கள், அத்தனை பேரும் 21 வயது நிரம்பியவர்கள். உலகிலேயே சர்க்கரை நோய் மிக அதிகமாகக் காணப்பட்ட சமூகங்களில் ஒன்று என்பதால்தான் அங்கே ஆய்வு நடந்தது. அதில் பழகிய மாடலை (தரவிலிருந்து கற்றுக் கணிக்கும் நிரலை) வைத்துக்கொண்டு 'திருநெல்வேலி ஆண்களுக்கும் பொருந்தும்' என்று முடிவுரையில் எழுதினால் எப்படி?

அடுத்து, ஃபைலைத் திறந்து பார்த்தால் அட்டவணையின் இன்சுலின் பத்தியில் 374 பேருக்குப் பூஜ்ஜியம். ரத்த அழுத்தம் 35 பேருக்குப் பூஜ்ஜியம், உடல் எடைக் குறியீடு 11 பேருக்குப் பூஜ்ஜியம். உயிரோடு நடமாடிய ஒருவருக்கு ரத்த அழுத்தம் பூஜ்ஜியமாக இருக்க முடியாது. அளக்கப்படவில்லை என்பதற்குத்தான் பூஜ்ஜியம் போட்டிருக்கிறார்கள். இதைக் கவனிக்காமல் சராசரி எடுத்து, நார்மலைஸ் செய்து, ஆறு அல்காரிதங்களை ஒப்பிட்டு எழுதப்பட்ட பேப்பர்கள் ஏராளம். கடைசியாக ஒரு கணக்கு. 768 பேரில் 500 பேருக்கு நோய் இல்லை. எதையுமே பார்க்காமல் 'இல்லை' என்று சொல்லும் மாடலுக்கே 65% அக்யூரசி (சரியாகச் சொன்ன விகிதம்) வந்துவிடும். 1988-ல் இந்தத் தரவை முதலில் பயன்படுத்தியவர்களுக்குக் கிடைத்தது 76%. இன்று யாராவது 98% என்று சொன்னால், அடுத்த பதிலைப் படியுங்கள்.

எனக்கு 99% அக்யூரசி வந்திருக்கு. ஏன் மேடம் சந்தோஷப்படாம சந்தேகப்படறீங்க?

மாடலைப் பழக்கும் பகுதி டிரெயினிங், பிறகு அதைச் சோதிக்க ஒதுக்கி வைக்கும் பகுதி டெஸ்ட். டெஸ்ட் தரவு டிரெயினிங்குக்குள் கசிந்திருக்கும் என்று முதலில் நினைப்பேன். வினாத்தாளை முந்தின நாளே பார்த்துவிட்ட மாணவரின் மார்க் மாதிரிதான் அந்த 99. கசியும் வழிகள் பல. ஒரே நோயாளியின் ஐந்து ஸ்கேன் படங்களில் மூன்று டிரெயினிங்கிலும் இரண்டு டெஸ்ட்டிலும் போயிருக்கும். படங்களைக் குலுக்கிப் பிரிக்காதீர்கள், நோயாளிகளைப் பிரியுங்கள். பீமா தரவில் அடிக்கடி நடப்பது வேறு. நோயாளிகள் குறைவாக இருக்கிறார்களே என்று ஸ்மோட் முறையில் செயற்கை வரிகளை உருவாக்கிவிட்டு, அதற்குப் பிறகு டிரெயினிங், டெஸ்ட் என்று பிரிப்பார்கள். டெஸ்ட்டில் இருப்பவரின் சாயல் டிரெயினிங்கில் ஏற்கெனவே இருக்கும். முதலில் பிரிக்க வேண்டும், டிரெயினிங் பகுதியில் மட்டும் ஸ்மோட் போட வேண்டும்.

இன்னொரு வகைக் கசிவு, விடையே ஒரு பத்தியாக உள்ளே இருப்பது. சர்க்கரை நோய் வருமா என்று கணிக்கும் தரவில் 'மெட்ஃபார்மின் எடுக்கிறாரா' என்று ஒரு பத்தி இருந்தால் மாடல் வேறு எதையும் கற்காது. நோய் வந்த பிறகு எழுதிய மருந்துதானே அது. ஒவ்வொரு பத்தியிலும் நின்று, கணிக்க வேண்டிய நேரத்தில் இந்த விவரம் டாக்டர் கையில் இருக்குமா என்று கேளுங்கள்.

முதல்ல நல்ல ஜீன் 50-ஐ செலக்ட் பண்ணிட்டு, அப்புறம் 10-ஃபோல்டு கிராஸ் வேலிடேஷன் பண்ணேன். அதுல என்ன தப்பு?

அதேதான் தப்பு, கசிவின் இன்னொரு முகம். கிராஸ் வேலிடேஷன் என்றால் தரவைப் பத்துப் பங்காக (ஃபோல்டு) பிரித்து, ஒவ்வொரு பங்கையும் ஒருமுறை ஒதுக்கி வைத்துச் சோதிப்பது. கோலப் தரவையே எடுத்துக்கொண்டால், 50 மரபணுக்களைத் தேர்ந்தெடுக்கும்போது 72 பேரின் விடையையும் பார்த்துவிட்டீர்கள். பிறகு செய்யும் கிராஸ் வேலிடேஷன் வெறும் சடங்கு. 2002-ல் அம்புருவாஸ், மெக்லாக்லன் இருவரும் இதைப் பற்றித் தெளிவாக எழுதியும் இன்னும் நிற்கவில்லை.

நம்பிக்கை வராவிட்டால் இன்று இரவே செய்து பாருங்கள். 72 வரி, 7,000 பத்தி, எல்லாம் கம்ப்யூட்டர் தந்த ரேண்டம் எண்கள். விடையை நாணயம் சுண்டிப் போடுங்கள். விடையோடு அதிகம் ஒத்துப்போகும் 50 பத்திகளைத் தேர்ந்தெடுத்துவிட்டு கிராஸ் வேலிடேஷன் செய்தால் அபாரமான அக்யூரசி வரும், அந்தத் தரவில் ஒரு விஷயமும் இல்லை என்றாலும். தேர்வை ஒவ்வொரு ஃபோல்டுக்கு உள்ளேயும் தனித்தனியாகச் செய்தால் 50% பக்கம் இறங்கிவிடும். இந்தப் பயிற்சியை ஒருமுறை கையால் செய்தவர்களுக்கு அதன் பிறகு நான் விளக்க வேண்டி வந்ததில்லை.

என் லிஸ்ட்ல எல்லா ஜீனுக்கும் பி-வேல்யூ 0.05-க்குக் கீழதான். அப்புறம் ஏன் ரிவ்யூவர் திருப்பி அனுப்பினார்?

தொடர்பே இல்லாதபோதும் தற்செயலாக இந்த அளவு வித்தியாசமாவது தெரிய எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண்தான் பி-வேல்யூ. 20,000 மரபணுக்களைத் தனித்தனியாகச் சோதித்தால், எதுவுமே நோயோடு தொடர்பு இல்லாத நிலையிலும் சுமார் 1,000 மரபணுக்கள் 0.05-க்குக் கீழே வரும். உங்கள் பட்டியலில் எது அந்த ஆயிரத்தைச் சேர்ந்தது என்று ரிவ்யூவர் கேட்கிறார். 1995-ல் பெஞ்சமினி, ஹாக்பெர்க் தந்த முறையில் திருத்திய மதிப்பைப் போடுங்கள். ஆர் மொழியில் ஒரே வரி. மனித ஜீனோம் முழுவதையும் துழாவும் ஆய்வுகளில் 0.00000005-க்குக் கீழே வந்தால்தான் பேச்சே எடுப்பார்கள்.

ரெண்டு டேட்டாசெட்டைச் சேர்த்து ஒண்ணாக்கினா சாம்பிள் கூடுமே, செய்யலாமா?

செய்யலாம், ஆனால் நோயாளிகள் எல்லாம் ஒரு தொகுப்பிலும் நோய் இல்லாதவர்கள் எல்லாம் இன்னொன்றிலும் இருந்தால் தொடாதீர்கள். வேறு கருவி, வேறு நாள், வேறு ரசாயன பேட்ச் என்று ஒவ்வொன்றும் தரவில் தன் தடத்தை விடும். மாடல் அந்தத் தடத்தைத்தான் முதலில் பிடிக்கும்.

கோவிட் காலத்தில் இது பெரிய அளவில் நடந்தது. நுரையீரல் எக்ஸ்ரே பார்த்து கோவிடைக் கண்டுபிடிக்கும் மாடல்கள் பலவற்றில், கோவிட் இல்லாதவர்களின் படமாகச் சேர்க்கப்பட்டது சீனாவின் குவாங்சோ நகரக் குழந்தைகள் ஆஸ்பத்திரித் தொகுப்பு. அதில் இருப்பவை ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளின் படங்கள். கோவிட் நோயாளிகளோ பெரியவர்கள். மாடல் கற்றது பெரியவர் யார், குழந்தை யார் என்பதை. 2021-ல் வெளியான ஒரு மதிப்பாய்வு, கோவிட் படங்களைப் பற்றிய 2,212 ஆய்வுகளைச் சலித்து 62-ஐ மட்டும் விரிவாகப் பார்த்தது. ஆஸ்பத்திரியில் பயன்படுத்தும் நிலையில் ஒன்றுகூட இல்லை என்றது.

ஜீன் லிஸ்ட்டை எக்செல்ல வச்சுக்கலாமா?

பார்க்க மட்டும். செப்ட்2, மார்ச்1 என்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிவிடும், நீங்கள் கவனிக்கவும் மாட்டீர்கள். 2016-ல் ஒரு குழு தேடிப் பார்த்ததில், எக்செல் மரபணுப் பட்டியல் இணைத்த பேப்பர்களில் சுமார் ஐந்தில் ஒன்றில் இந்தக் கோளாறு இருந்தது. கடைசியில் 2020-ல் பெயர் சூட்டும் குழு மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டது. இப்போது அவை செப்டின்2, மார்ச்எஃப்1. பழைய ஃபைல்களில் பழைய பெயர்தான் இருக்கும்.

தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் பேஷண்ட் பேரை எடுத்துட்டு டேட்டா தர்றேன்னு சொல்றார். வாங்கிக்கலாமா?

அவருடைய ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழு அனுமதிக் கடிதம் கையில் வராமல் வாங்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்படி பழைய ரெக்கார்டுகளை வைத்துச் செய்யும் ஆய்வும் குழுவின் முன் போக வேண்டும். நோயாளிகளின் ஒப்புதல் தேவையில்லை என்று விலக்கு கிடைக்கலாம். அந்த விலக்கைத் தர வேண்டியது குழு, நீங்களோ டாக்டரோ முடிவு செய்ய முடியாது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. நடைமுறையாகவும் சொல்கிறேன். பேப்பர் அனுப்பும்போது ஜர்னல் அனுமதி எண்ணைக் கேட்கும். வேலை முடிந்த பிறகு பின்தேதியிட்டு யாரும் அனுமதி தர மாட்டார்கள். குழு கூடுவதற்கே மாதக்கணக்கில் ஆகும் இடங்கள் உண்டு, அதனால் முதல் செமஸ்டரிலேயே விண்ணப்பியுங்கள்.

பேரு, போன் நம்பர் ரெண்டையும் எடுத்துட்டா போதாதா? யாருன்னு எப்படித் தெரியும்?

தெரியும். 1990-களில் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலம் தன் ஊழியர்களின் மருத்துவத் தரவைப் பெயர் நீக்கி ஆய்வுக்குக் கொடுத்தது. அப்போது மாணவியாக இருந்த லடான்யா ஸ்வீனி கேம்பிரிட்ஜ் நகரத்தின் வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கி, பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றையும் பொருத்தினார். ஆளுநர் வில்லியம் வெல்டின் மருத்துவ ரெக்கார்டு அகப்பட்டுவிட்டது. நம்மூரிலும் வாக்காளர் பட்டியலில் பெயர், வயது, பாலினம், வீட்டு எண் எல்லாம் இருக்கிறதே.

பிறந்த தேதிக்குப் பதில் வயதை ஐந்தாண்டு அடுக்காகவும், பின்கோடுக்குப் பதில் மாவட்டத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். அரிய நோய் என்றால் மாவட்டம்கூட அதிகம். மிமிக் குழு ஏன் 300 வயது என்று எழுதி வைத்தது என்பது இப்போது புரியும்.

டீப் லேர்னிங் இல்லாம பேப்பர் போகாதாமே?

படம், டிஎன்ஏ வரிசை, புரத அமைப்பு என்றால் டீப் லேர்னிங் (பல அடுக்கு நியூரல் நெட்வொர்க்) தான் ராஜா, மறுக்கவில்லை. ஆல்ஃபாஃபோல்டு 2020-ல் புரத அமைப்புக் கணிப்புப் போட்டியை ஒரு கை பார்த்தது, 2024 வேதியியல் நோபலில் டெமிஸ் ஹசாபிஸும் ஜான் ஜம்பரும் பங்கு பெற்றார்கள்.

600 நோயாளிகள், 20 பத்தி என்று அட்டவணையாக இருக்கும் தரவுக்கு அது தேவையில்லை. மருத்துவக் கணிப்பு மாடல்களைப் பற்றிய 71 ஆய்வுகளை 2019-ல் தொகுத்துப் பார்த்தார்கள். பழைய புள்ளியியல் முறையான சாதாரண லாஜிஸ்டிக் ரிக்ரஷனைவிட மெஷின் லேர்னிங் மேலானது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். எந்த மாடல் போட்டாலும் பக்கத்தில் லாஜிஸ்டிக் ரிக்ரஷன் வரியையும் போட்டுக் காட்டுங்கள். அது ஜெயித்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

மாடல் ஏன் அப்படிச் சொல்லுதுன்னு டாக்டர் கேட்கிறார். அக்யூரசி நல்லா இருந்தா காரணம் எதுக்கு?

1990-களில் அமெரிக்காவில் நிமோனியா நோயாளிகளில் யாருக்கு மரண ஆபத்து அதிகம் என்று கணிக்கப் பல மாடல்களைப் பழக்கினார்கள். விதிகளாக எழுதிக் காட்டும் மாடல் ஒன்று, ஆஸ்துமா இருந்தால் ஆபத்து குறைவு என்றது. தரவில் அது உண்மையும்கூட. ஏனென்றால் ஆஸ்துமாக்காரர் நிமோனியாவோடு வந்தால் டாக்டர்கள் நேராக ஐசியுவில் சேர்த்துத் தீவிரமாகக் கவனிப்பார்கள், அதனால் பிழைப்பார்கள். மாடலை நம்பி அவர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அந்தத் திட்டத்தில் நியூரல் நெட்வொர்க்தான் அதிகத் துல்லியமாக இருந்தது. அதுவும் இதே பாடத்தைக் கற்றிருக்கும், ஆனால் எட்டிப் பார்க்க முடியாது. அதனால் அதை நோயாளிகளிடம் பயன்படுத்தவில்லை. அதில் பணியாற்றிய ரிச் கருவானா, உள்ளே எட்டிப் பார்க்கக்கூடிய மாடல்களைப் பற்றி 2015-ல் எழுதிய பேப்பரில் இந்த ஆஸ்துமா கதையை விரிவாகச் சொல்லியிருக்கிறார். டாக்டர் கேட்கும் 'ஏன்' உங்களைச் சோதிக்க இல்லை, தரவுக்கு வெளியே அவருக்கு மட்டும் தெரிந்தது ஒன்று இருக்கிறது.

ஏயூசி 0.99 வந்தா ஆஸ்பத்திரில போட்டுடலாம்தானே?

ஏயூசி என்பது நோயாளியையும் நோயில்லாதவரையும் மாடல் எவ்வளவு நன்றாகப் பிரிக்கிறது என்று சொல்லும் எண், அதிகபட்சம் 1. சர்க்கரை நோயால் விழித்திரை பாதிப்பதைக் கண்டுபிடிக்கும் கூகுளின் மாடல் 2016-ல் வெளியானது. 1,28,175 படங்களில் பழக்கியது, அவற்றில் ஒரு பகுதி மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற கண் மருத்துவமனைகளிலிருந்து வந்தவை. ஏயூசி உண்மையிலேயே 0.99. பிறகு தாய்லாந்தின் கிளினிக்குகளில் போட்டபோது, நர்ஸ்கள் எடுத்த படங்களில் சுமார் ஐந்தில் ஒன்றைத் தரம் போதாது என்று மாடல் ஏற்கவில்லை. இருட்டாக்க முடியாத அறை, மெதுவான இணையம், காத்திருக்கும் கூட்டம். மாடலில் பிழை இல்லை, அது பழகிய சூழல் வேறு.

எண்ணிலும் ஒரு பொறி உண்டு. 10,000 பேரில் 50 பேருக்கு ஒரு நோய் என்று வையுங்கள். நோயாளிகளில் 90% பேரைப் பிடிக்கும், நோயில்லாதவர்களில் 95% பேரைச் சரியாக விடுவிக்கும் மாடல். பிடிபடும் நோயாளிகள் 45. தவறாக மாட்டும் ஆரோக்கியமானவர்கள் சுமார் 498. மாடல் கைகாட்டும் 12 பேரில் ஒருவருக்குத்தான் நோய். மீதிப் பதினோரு பேர் மேற்கொண்டு டெஸ்ட்டுக்குச் செலவழித்து, தூக்கம் கெட்டு அலைவார்கள். தீசிஸில் இந்தக் கணக்கு இல்லையென்றால் வைவாவில் நான் கேட்பேன்.

சாட்ஜிபிடியை வச்சு கோடு எழுதலாமா?

எழுதுங்கள், ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று சொல்லத் தெரிந்தால் சரி. நோயாளித் தரவை அதில் ஒட்டாதீர்கள். அது தரும் மேற்கோள் பேப்பர்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள், சில பேப்பர்கள் உலகத்திலேயே இருக்காது.

ஜிபியூ இல்ல, ஆஸ்பத்திரித் தொடர்பும் இல்ல. எங்க காலேஜ்ல இருந்துக்கிட்டு உருப்படியா ஏதாவது பண்ண முடியுமா?

டான் ஸ்வான்சன் என்று சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு தகவலியல் பேராசிரியர். டாக்டரும் இல்லை, உயிரியலாளரும் இல்லை. மீன் எண்ணெய் ரத்தத்தின் பிசுபிசுப்பைக் குறைக்கும் என்று ஒரு பக்கம் பேப்பர்கள். குளிரில் விரல்கள் வெளுத்துப்போகும் ரேனாட் நோயில் ரத்தம் பிசுபிசுப்பாக இருக்கிறது என்று இன்னொரு பக்கம் பேப்பர்கள். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று படித்ததில்லை. 1986-ல் அவர் இரண்டையும் இணைத்து, மீன் எண்ணெய் ரேனாட் நோயாளிகளுக்கு உதவலாம் என்று எழுதினார். பின்னர் நோயாளிகளிடம் நடந்த சோதனை அதற்கு ஆதரவாக வந்தது. 1988-ல் ஒற்றைத் தலைவலிக்கும் மெக்னீசியத்துக்கும் இதே வழியில் தொடர்பு காட்டினார்.

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் சுருக்கங்கள் இலவசம், சாதாரண லேப்டாப் போதும். இப்படி எழுத்திலிருந்து தகவலைத் தோண்டும் டெக்ஸ்ட் மைனிங் பக்கம் வருபவர்கள் குறைவு என்பது என் ஆதங்கம். எல்லோரும் எக்ஸ்ரே படத்துக்கே ஓடுகிறார்கள்.

படிச்சா வேலை கிடைக்குமா? வீட்ல கேட்கிறாங்க.

பெங்களூரு, ஹைதராபாத், சென்னையில் மருந்து கம்பெனிகள், கிளினிக்கல் டிரையல் நடத்தும் நிறுவனங்கள், மரபணுப் பரிசோதனை லேப்கள் ஆள் எடுக்கின்றன. ஐடி வேலையோடு ஒப்பிட்டால் இடங்கள் குறைவு, வளாகத் தேர்வில் வரிசையாக வந்து அள்ளிக்கொண்டு போக மாட்டார்கள். மெடிக்கல் கோடிங் வேலையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது காப்பீட்டு பில்லுக்குக் குறியீடு போடும் வேலை. புள்ளியியலும் கோடும் கையில் இருந்தால் வேறு துறைக்கும் தாவலாம் என்று வீட்டில் சொல்லுங்கள். அது பொய்யில்லை.

பெரிய ஜர்னல்ல வந்த பேப்பரைத் திரும்பச் செஞ்சு பார்க்கறேன். அவங்க ரிசல்ட் எனக்கு வரவே இல்ல. நான்தான் தப்பு பண்றேனா?

இருக்கலாம். முதலில் மேலே சொன்னதையெல்லாம் உங்கள் கோடில் சரிபாருங்கள். ஆனால் அவர்கள் பக்கம் தவறு இருக்கவே முடியாது என்று நினைக்காதீர்கள். 2006-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு ஒன்று, மரபணு வெளிப்பாட்டை வைத்து எந்த நோயாளிக்கு எந்தக் கீமோ மருந்து கேட்கும் என்று கணிக்கலாம் என எழுதியது. ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் திரும்பச் செய்து பார்த்தார்கள். வரவில்லை. தோண்டியபோது, மரபணுப் பட்டியல் ஒரு வரி தள்ளிப் போயிருந்தது தெரிந்தது. மருந்து கேட்கும், கேட்காது என்ற லேபிள்களும் சில இடங்களில் தலைகீழாக இருந்தன. அவர்கள் அதை 2009-ல் வெளியிட்டார்கள். அதற்குள் அந்த முறையை நம்பி நோயாளிகளிடம் சோதனைகளே நடந்துகொண்டிருந்தன. 2010-ல் அவை நிறுத்தப்பட்டன, பேப்பர் 2011-ல் திரும்பப் பெறப்பட்டது. 2015-ல் அமெரிக்க அரசின் ஆய்வு நேர்மை அலுவலகம் தரவில் மோசடி நடந்ததாக முடிவு சொன்னது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. அவர்கள் இணைத்த கோப்பை இறக்கி, பத்திகளின் தலைப்பையும் முதல் பத்து வரிகளையும் மூலத் தரவோடு கண்ணால் ஒப்பிடுங்கள். எங்கே விலகுகிறது என்று ஒரு பக்கத்துக்குள் எழுதி, கோடையும் சேர்த்து, கைடைக் கலந்துகொண்டு பேப்பரில் உள்ள தொடர்பு முகவரிக்கு மெயில் அனுப்புங்கள். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம், 'இந்தப் படியில் எனக்கு வேறு எண் வருகிறது, எந்த வெர்ஷன் தரவைப் பயன்படுத்தினீர்கள்' என்று கேட்டால் போதும். பதில் வராவிட்டால் ஒரு மாதம் கழித்து இன்னொரு மெயில். அதற்கும் வராவிட்டால், உங்களுக்கு வந்த எண்ணை அவர்களுடைய எண்ணுக்குப் பக்கத்திலேயே போட்டு தீசிஸில் ஒரு அத்தியாயமாக எழுதுங்கள்.